பத்தொன்பது இஞ்சு லென்ஸ்

ஜெயக்குமார் இரண்டு லென்ஸைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். தேர்ந்தெடுத்தது சரியில்லை என்று தெரிந்தபோது மாற்றிக்கொள்ள ஒரே ஒரு பகல்தான் கையில் இருந்தது. அடுத்த வியாழக்கிழமை அவர் மனைவி மலர்க்கொடிக்குத் தாடை எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் அவள் முகத்தை உள்ளது உள்ளபடி ஒரு படம் எடுத்தாக வேண்டும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுக்கும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

ஜெயக்குமார் எக்ஸ்ரே எடுப்பவர். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம். வீடு ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில், மாடி வாடகை. காலையில் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து இன்னொரு பஸ். போனதும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்ல ஆரம்பித்தால் மதியம் வரை வாய் ஓயாது. ஊரில் பாதிப் பேருடைய நெஞ்செலும்பு அவருக்குத் தெரியும். முகம் ஒன்றும் ஞாபகத்தில் நிற்காது. கடைத்தெருவில் யாராவது வணக்கம் வைத்தால், அந்த ஆளின் இடுப்பெலும்பையாவது பார்த்திருப்போம் என்று பதில் வணக்கம் வைத்துவிட்டுப் போவார்.

அவர் வேலையில் ஒரு ஆறடிக் கணக்கு உண்டு. நெஞ்சுப் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே குழாய்க்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஆறடி இருக்கவேண்டும். கிட்டே வைத்து எடுத்தால் இதயம் உள்ளதைவிடப் பெரிதாக விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பழைய ரூமில் இடம் பத்தாமல் நாலடியில் வைத்து ஒருவருக்கு எடுத்துவிட்டார். மண்ணச்சநல்லூர் பக்கத்து விவசாயி. இதயம் வீங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். மனுஷன் ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்து, நிலத்தை யாருக்கு எழுதுவது என்று பேச ஆரம்பித்துவிட்டான். மறுபடி ஆறடியில் எடுத்தால் இதயம் நல்லாத்தான் இருந்தது. அன்றைக்குத் தரையில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டவர், ரூம் மாறினாலும் மெஷின் மாறினாலும் முதல் வேலையாக அந்தக் கோட்டைப் போட்டுவிடுவார்.

கேமரா ஆசை அவருக்குப் பிறவியிலேயே வந்தது ஒன்றும் கிடையாது. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் எக்ஸ்ரே வந்தது. கையில் ஃபிலிம் கழுவுகிற மருந்து நாற்றம் போச்சு என்று சந்தோஷப்பட்டவர்களில் இவரும் ஒருவர். ஸ்டோர் ரூமில் எட்டுக்குப் பத்து சைஸ் ஃபிலிம் பதினோரு பெட்டி மிஞ்சிக் கிடந்தது. குப்பைக்குப் போகட்டும் என்றார்கள். ஒரு பொருள் வீணாய்ப் போவதை ஜெயக்குமாரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. கேட்டு வாங்கி ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்த பிறகு இதை வைத்து என்ன செய்வது என்று யோசித்தார். அந்த சைஸுக்கு ஒரு கேமரா வேண்டும் என்று தோன்றியது. கடையில் கிடைக்காது. படம் பார்த்து, அளவு எடுத்து, தச்சரிடம் சொல்லி ஒரு மரப்பெட்டி செய்தார். முன்னால் லென்ஸ் மாட்ட ஒரு பலகை, பின்னால் பிம்பம் விழத் தேய்த்த கண்ணாடி, நடுவில் நீட்டவும் மடக்கவும் ரெக்ஸினில் ஒரு துருத்தி. முழுக்க நீட்டினால் இருபத்தாறு இஞ்சு. வெளிச்சம் படாமல் தலையை மூடிக்கொள்ள மலர்க்கொடியின் பழைய கறுப்புப் பாவாடை.

"தெருவுல யாரும் பாக்காத எடமாப் பாத்து மூடிக்குங்க. மானம் போவுது" என்று அவள் சொன்னாள்.

மலர்க்கொடி ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூற்றி நாற்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்காரவைக்கிற குரல். வீட்டிலும் அதே குரல்தான்.

பெட்டி தயார். லென்ஸ் இல்லை. அப்போதுதான் பாலக்கரை அப்துல் ரஹீம் வருகிறார். ரஹீம் பாய் பழைய அச்சு மெஷின் வாங்கிப் பிரித்து விற்பவர். அச்சகங்களில் நெகட்டிவ் எடுக்க முன்பு ஒரு கேமரா வைத்திருப்பார்கள், ஆள் உயரத்துக்கு. சிவகாசியில் அந்த மாதிரி நாலைந்தை மொத்தமாக எடுத்துவந்திருந்தார். இரும்பு எடைக்குப் போய்விட்டது. லென்ஸ் மட்டும் ஐந்து, மேஜை டிராயரில் கிடந்தது. ஒரு தடவை ரஹீம் பாயின் மணிக்கட்டு முறிந்தபோது படம் எடுத்தவர் ஜெயக்குமார். அந்தப் பழக்கம்.

"எக்ஸ்ரே சார், ரெண்டு உங்களுக்கு. மூணு மெட்ராஸ் பார்ட்டிக்கு. வாக்கு குடுத்துட்டேன். எந்த ரெண்டுன்னு நீங்களே எடுத்துக்குங்க, அவனுக்கு மிச்சம். அதுக்கு மேல கேக்கப்புடாது" என்றார் ரஹீம்.

ஐந்தில் இரண்டு நசுங்கியும் கீறியும் கிடந்தன. தேறியது மூன்று. எட்டு இஞ்சு, பன்னிரண்டு இஞ்சு, பத்தொன்பது இஞ்சு. இஞ்சு குறைந்தால் அகலமாய்ப் பிடிக்கும், கூடினால் தூரத்தைக் கிட்டே இழுக்கும். மூன்றில் இரண்டைத் தேர்ந்தெடுப்பது என்ன பெரிய வேலை என்று கேட்கலாம். ஜெயக்குமாருக்குப் பெரிய வேலைதான். செருப்பு வாங்கவே நாலு கடை ஏறுகிற ஆள்.

லென்ஸைக் கையில் வாங்காமலேயே சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய ஃபிலிம் பெட்டியின் அட்டையில் எட்டுக்குப் பத்து அளவில் ஒரு ஓட்டை வெட்டினார். அட்டையில் ஒரு நூலைக் கட்டி எட்டு, பன்னிரண்டு, பத்தொன்பது என்று மூன்று முடிச்சுப் போட்டார். முடிச்சைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் வைத்து, நூல் விறைப்பாக நிற்கும்படி அட்டையை நீட்டிப் பிடித்தால், ஓட்டைக்குள் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான் அந்த லென்ஸில் விழும். செலவில்லாத சோதனை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்த அட்டையோடு ஸ்ரீரங்கத்து வீதிகளைச் சுற்றினார்.

கீழச் சித்திரை வீதியில் வெள்ளைக் கோபுரத்துக்கு எதிரே முதுகை ஒரு வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார். எட்டு முடிச்சில்தான் கோபுரம் அடங்கியது. பன்னிரண்டில் தலை போச்சு. பத்தொன்பதில் இரண்டு பொம்மையும் ஒரு புறாவும். அடுத்த முனைக்கு நகர்ந்து மறுபடி முடிச்சைக் கன்னத்தில் வைத்தபோது வீதியில் ஏதோ சலசலப்பு. ஒரு கடைக்காரர் வெளியே நீட்டியிருந்த தகரத்தை அவசரமாக உள்ளே இழுத்தார். பூக்கடை இருசம்மாள் மூன்று கூடையையும் தூக்கி வாசலுக்குள் வைத்தாள்.

எதிர்வீட்டுப் பெரியவர், நெற்றி நிறையத் திருமண், இறங்கி வந்தார்.

"ஸ்வாமி கார்ப்பரேஷனா?"

"இல்லைங்க."

"சும்மா சொல்லுங்கோ. நூல் போட்டுப் பாக்கறேள். எங்காத்துப் படி ரெண்டடி வெளியிலதான் இருக்கு. தாத்தா காலத்துலேந்து இருக்கு. இப்பவே சொல்லிடறேன்."

"நான் எக்ஸ்ரேங்க."

"எக்ஸ்ரேயா? ஆத்துக்கெல்லாம் எக்ஸ்ரே எடுக்க ஆரம்பிச்சுட்டாளா? பெருமாளே!"

கேமராவுக்கு லென்ஸ் பார்க்கிறேன் என்று விளக்கிச் சொல்ல கால் மணி நேரம் ஆயிற்று. கேட்டுவிட்டு இருசம்மாள், "இதைச் சொல்றதுக்கென்ன? நான் கூடைய எறக்கி ஏத்தி இடுப்பு போச்சு. இதுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக் குடுங்க" என்றாள்.

மூன்று வாரம் இப்படிச் சுற்றி முடிவுக்கு வந்தார். எட்டும் பன்னிரண்டும். வீதிக்கு எட்டு, மற்றதற்கெல்லாம் பன்னிரண்டு. பத்தொன்பது வேண்டாம். அது பித்தளையும் கண்ணாடியுமாக ஒரு தேங்காய் கனம். மரப்பலகை தாங்குமா என்றே சந்தேகம். எட்டையும் பன்னிரண்டையும் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு வந்து, எட்டு இஞ்சுக்குப் பலகையில் ஓட்டை போட்டு மாட்டியும் விட்டார். வெள்ளைக் கோபுரத்துக்கு எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் வெயில் விழும் என்று ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார்.

அந்த வாரம்தான் மலர்க்கொடிக்கு இடது பக்கம் கடைவாய்ப் பல் ஆடியது. கன்னம் லேசாக வீங்கியிருந்தது. பல் டாக்டர் தாடை முழுக்கத் தெரிகிற மாதிரி எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னார். வேறு எங்கே போவாள்? புருஷனிடமே வந்தாள். அவரும் எல்லாருக்கும் செய்வதுபோல் காதில் கிடந்ததைக் கழற்றச் சொல்லி, மூக்குத்தியைக் கழற்றச் சொல்லி, மோவாயைப் பலகையில் வைக்கச் சொல்லி எடுத்தார். கம்ப்யூட்டரில் படம் வந்தது. இடது தாடை எலும்பில் சோப்பு நுரை மாதிரிக் குமிழ் குமிழாக இருந்தது. இதை அவர் பார்த்திருக்கிறார். நாலைந்து பேருக்கு.

"என்ன இருக்கு?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

"டாக்டர் பாத்துச் சொல்லுவாரு" என்றார் ஜெயக்குமார்.

இருபத்தாறு வருஷமாக யார் கேட்டாலும் சொல்கிற பதில். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டே அவரைப் பார்த்தாள். "எங்கிட்டயேவா?"

அவர் கதவுப் பக்கம் திரும்பி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அப்புறம் சதையைக் கிள்ளி டெஸ்ட், ஸ்கேன் எல்லாம் ஆயிற்று. புற்று இல்லை. உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் விட்டால் எலும்பைத் தின்றுகொண்டே போகும். அந்தத் துண்டை எடுத்துவிட்டுத் தகடு வைக்கவேண்டும். இடது பக்கம் கன்னம் கொஞ்சம் உள்வாங்கும், வாய் ஒரு ஓரமாக இழுக்கலாம், முகம் முன்போலவே இருக்கும் என்று சொல்லமுடியாது. டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். வியாழக்கிழமை என்று தேதி வைத்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலர்க்கொடி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க. இந்த மூஞ்சிக்கு ஒரு படம் வேணும்."

"செல்லுல எவ்வளவோ இருக்கே."

"அதுல மூக்குதான் இருக்கு. பொண்ணு கல்யாணத்துல எடுத்ததுல பவுடர்தான் இருக்கு. நான் எங்க இருக்கேன்? ஊரு உலகத்துல எல்லாரு நெஞ்சையும் படம் புடிச்சீங்க. ஒரு மரப்பொட்டி செஞ்சு வீட்டுல கால் வைக்க எடமில்லாம வச்சிருக்கீங்க. பொண்டாட்டி மூஞ்சிய ஒரு தடவ புடிச்சீங்களா?" கீரைக் காம்பை முறத்தில் தட்டினாள். "நாளைக்குக் கண்ணாடியப் பாத்தா முன்னாடி எப்படி இருந்தேன்னு எனக்கே மறந்து போயிடும். வச்சுப் பாக்க ஒண்ணு வேணும். அழகாலாம் வேணாம். சரியா இருந்தாப் போதும்."

சரியாக இருந்தால் போதும் என்பது ஜெயக்குமாருக்குப் புரிகிற பேச்சு. சனிக்கிழமை லீவு போட்டார்.

காலையில் மொட்டை மாடியில், படிக்கட்டுக் கூண்டின் நிழலில் ஸ்டூலைப் போட்டு அவளை உட்காரவைத்தார். எட்டைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டை மாட்டினார். ஆறடியில் வைத்துப் பார்த்தால் கண்ணாடியில் அவள் இடுப்பு வரை தலைகீழாகத் தெரிந்தாள். முகம் உள்ளங்கை அளவுகூட இல்லை. கேமராவைக் கிட்டே தள்ளினார். இன்னும் கிட்டே. முகமும் தோளும் கண்ணாடியை நிறைத்தபோது டேப்பை எடுத்து அளந்தார். நாலடிக்கும் குறைவு. மனசுக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒரு ஃபிலிமைப் போட்டு எடுத்தார். குளியலறையில் சிவப்பு பல்பு போட்டுக் கழுவினார். ஃபிலிமைக் காகிதத்தின் மேலேயே வைத்து விளக்குப் போட்டு பிரிண்ட் எடுத்தார்.

மலர்க்கொடி ஈரம் காயாத பிரிண்டைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீதான்."

"எங்க சித்தி மாதிரி இருக்கு. மூக்கு முன்னாடி வருது, காது ஓடி ஒளியுது. வீக்கம் இவ்வளவா இருக்கு?" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

இல்லை. அவ்வளவு இல்லை. நாலடியில் எடுத்த இதயம் மாதிரி. கிட்டே இருப்பது பெரிதாகவும் எட்டி இருப்பது சின்னதாகவும் விழுந்திருந்தது. லென்ஸின் மேல் குற்றம் இல்லை. நின்ற இடம் தப்பு. ஆறடியில் நின்றால் முகம் சரியாக இருக்கும். ஆறடியில் நின்றும் முகம் ஃபிலிமை நிறைக்கவேண்டுமென்றால், அந்தத் தேங்காய் கனம் உள்ளதுதான் வேண்டும். ஜெயக்குமார் அட்டையை எடுத்தார். கோபுர வீதியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தவர், ஆறடியில் உட்கார்ந்திருக்கிற பெண்டாட்டியை அப்போதுதான் ஓட்டைக்குள் வைத்துப் பார்த்தார். பத்தொன்பதாம் முடிச்சைக் கன்னத்தில் வைத்தார். தலையும் தோளும் கச்சிதமாக உட்கார்ந்தன.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பாலக்கரைக்கு."

"சாப்பிட்டுப் போங்க."

"வந்து சாப்பிடறேன்." எட்டு இஞ்சுப் பலகையிலிருந்து லென்ஸைத் திருகிக் கழற்றித் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று.

ரஹீம் பாய் கடையில் ஒரு அட்டைப் பெட்டி டேப் ஒட்டிக் கவுண்டர் மேல் இருந்தது. மேலே சென்னை விலாசம்.

"வாங்க எக்ஸ்ரே சார். டீ சொல்லவா?"

"பாய், பத்தொன்பது வேணும்."

ரஹீம் பெட்டியைக் காட்டினார். "அந்தா இருக்கு. நாலு மணிக்குப் பார்சல் வண்டி. ஏன் சார், மூணு வாரம் கயித்தக் கட்டிக்கிட்டு அலைஞ்சு, அது வேண்டாம் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? அம்மிக்குழவின்னு பேரு வேற வச்சீங்க."

"சொன்னேன். இப்ப வேணும்."

"வாக்கு குடுத்துட்டேனே."

"மூணு தரேன்னுதானே வாக்கு? எது எதுன்னு சொல்லலையே." பையிலிருந்து துணிமூட்டையை எடுத்துப் பெட்டி மேல் வைத்தார். "எட்ட வச்சுக்குங்க. பத்தொன்பத எடுங்க."

ரஹீம் துணியைப் பிரித்துப் பார்த்தார். "சார், இது கெடைக்காது சார். மெட்ராஸ்காரன் மொதல்ல கேட்டதே இதைத்தான். நீங்க எடுத்துட்டீங்கன்னதும் போன்ல வையாத வசவு இல்லை. கோபுரம் எடுக்கணும்னீங்க?"

"கோபுரம் எங்கயும் போவாது."

"வேற எது போவுது?"

ஜெயக்குமார் தெருவைப் பார்த்தார். ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. "வீட்டுல தாடையில ஆபரேஷன். வியாழக்கிழமை. அதுக்கு முன்னாடி ஒரு படம் கேக்குது."

ரஹீம் போனை எடுத்தார். "அண்ணே, பெட்டியில ஒண்ணை மாத்துறேன். ஆமா, அந்த எட்டுதான். ஏன், எப்படின்னுலாம் கேக்காதீங்க, வேணுமா வேணாமா?" போனைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியை எடுத்து டேப்பைக் கிழித்தார். "குதிக்கிறான். நீங்க இன்னும் ஒரு மணி நேரம் யோசிச்சுட்டு வந்திருந்தீங்கன்னா போயிருக்கும் சார். நீங்க யோசிக்காம வந்தது எனக்கே ஆச்சரியமா இருக்கு." லென்ஸைத் துடைத்துக் கொடுத்தார். "அல்லா இருக்கான். நல்லபடியா ஆவும்."

பலகை கனம் தாங்காது என்று பயந்தது சரியாகத்தான் இருந்தது. ஞாயிறு முழுக்க அவர் தச்சுவேலை பார்த்தார். பழைய பலகையின் பின்னால் இன்னொரு பலகையை ஒட்டித் திருகு போட்டார். முன்சட்டத்துக்குக் கீழே ஒரு முட்டுக்கட்டை கொடுத்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் மலர்க்கொடிக்கு ரத்த டெஸ்ட், அட்மிஷன் பேப்பர். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் மாடிக்கு ஏறினார்கள். புதன் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவேண்டும். இன்றைக்கு விட்டால் இல்லை.

முதல் வேலையாக மாடித் தரையில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டார். கோட்டிலிருந்து டேப் பிடித்து ஆறடி. அங்கே ஸ்டூல்.

மலர்க்கொடி அரக்குச் சிவப்புப் புடவையில் வந்தாள்.

"சிவப்பு கட்டாதேன்னேனே. இந்த ஃபிலிம்ல சிவப்பு கறுப்பா விழும்."

"விழட்டும். பொட்டும்தான் கறுப்பா விழும். அதுக்காக அழிச்சுட்டா உக்காருவேன்?"

ஜெயக்குமார் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஈய எழுத்தை எடுத்து, அவள் இடது தோளுக்குப் பக்கத்தில் கூண்டுச் சுவரில் ஒட்டினார். எல்.

"இது எதுக்கு?"

"இடது. இந்த ஃபிலிமுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. மாத்தி பிரிண்ட் போட்டா எடது வலதாயிடும்."

"எம் மூஞ்சியில எது எடதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எழுத்து இல்லாம நான் படம் எடுத்ததில்ல."

பாவாடைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். துருத்தியை நீட்டினார். இருபத்தாறு இஞ்சும் இழுத்தாயிற்று, மயிரிழை பாக்கியில்லை. அங்கே போய்த்தான் கண்ணாடியில் அவள் கண் தெளிந்தது. மூக்கு மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது. காது ஒளியவில்லை. இடது கன்னத்து வீக்கம் எவ்வளவோ அவ்வளவு. தலைகீழாக இருந்தாலும் அவள்தான். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உள்ள தூங்கிட்டீங்களா?" என்றது குரல்.

அச்சக லென்ஸில் ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றி, இரண்டு செகண்டு எண்ணி, மூடவேண்டும். அவ்வளவுதான். ஃபிலிம் இரண்டே இரண்டு சட்டத்தில் போட்டுவைத்திருந்தார். முதல் சட்டத்தைச் சொருகினார். லென்ஸ் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"மூச்சை இழுங்க. பிடிங்க. அசையாதீங்க."

மூடியைக் கழற்றினார். கழற்றியதும் கால் தானாகத் திரும்பியது. விறுவிறுவென்று நடந்து படிக்கட்டுக் கூண்டின் சுவருக்குப் பின்னால் போய் நின்றார். இருபத்தாறு வருஷமாக "அசையாதீங்க" என்று சொன்னதும் ஈயச் சுவருக்குப் பின்னால் போய் நின்றுதான் பட்டனை அமுக்குவார். சுவரில் கையை வைத்துத் தடவினார். பட்டன் இல்லை. கையில் மூடி இருந்தது.

ஓடி வந்து மூடினார். பத்து செகண்டு ஆகியிருக்கும். ஃபிலிம் கரிக்கட்டை.

மலர்க்கொடி கன்னம் உப்பி, கண் பிதுங்கி, அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றதைப் பார்த்து, கையை ஆட்டிக் கேட்டாள்.

"மூச்சை விடலாம்" என்றார் ஜெயக்குமார்.

"யப்பா! செத்தேன்!" என்று மூச்சை விட்டாள். "எங்க ஓடினீங்க?"

அவர் சொன்னார். மறைக்கத் தெரியாத ஆள்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தை அதட்டுகிற குரல் சிரித்தால் எப்படி இருக்கும்? பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பொண்டாட்டியப் பாத்துச் சுவத்துக்குப் பின்னாடி ஒளியிற ஆம்பளைய இப்பத்தான் பாக்கறேன்" என்றாள். தாடை வலித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் முந்தானை கண்ணிலேயே இருந்தது. ஜெயக்குமார் இரண்டாவது சட்டத்தை மாற்றுவதுபோல் திரும்பி நின்றுகொண்டார்.

"ம். எடுங்க" என்றாள்.

இரண்டாவது தடவை அவர் மூச்சைப் பற்றி வாயே திறக்கவில்லை. இடது கையால் கேமராவின் காலைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மூடியைக் கழற்றினார். ஒன்று, இரண்டு. மூடினார். அந்த இரண்டு செகண்டும் அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கேயாவது ஓடுகிறாரா என்று.

அந்தப் பிரிண்டை நானும் பார்த்திருக்கிறேன். புடவை கறுப்பு, பொட்டு கறுப்பு, உதடும் கொஞ்சம் கறுப்பு. நெற்றியில் ஒரு அம்மைத் தழும்பு, மூக்குத்தியில் ஒரு துளி வெளிச்சம், இடது கன்னத்தில் ஒரு மேடு. வாய் மூடியிருக்கிறது, ஆனால் சிரிப்பை அடக்கிய வாய். சுவரில் எல். அழகான படம் என்று சொல்லமாட்டேன். சரியான படம்.

மலர்க்கொடி அதை ஒரு ஃபைல் கவரில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனாள். வியாழக்கிழமை காலை டாக்டரிடம் நீட்டி, "இதைப் பாத்துத் தைங்க சார். அளவெல்லாம் சரியா இருக்கும். ஆறடியில எடுத்தது" என்றாளாம். டாக்டர் வாங்கி, எழுத்தைப் பார்த்துவிட்டு, யார் எடுத்தது என்று கேட்டிருக்கிறார்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். ஒரு மாதம் கஞ்சியும் ஜூஸும். இப்போது நாலு மாதம் ஆகிறது. இடது பக்கம் கன்னம் கொஞ்சம் ஒட்டித்தான் இருக்கிறது. உதடு அந்த ஓரம் லேசாக இறங்கியிருக்கிறது. "ச" வருகிற இடத்தில் காற்று போகிறது. பிள்ளைகளை அதட்டும்போது அது தெரிவதில்லை என்கிறாள்.

எட்டு இஞ்சு லென்ஸ் சென்னையில் யாரிடமோ இருக்கிறது. வெள்ளைக் கோபுரத்தை ஜெயக்குமார் இன்னும் எடுக்கவில்லை. பன்னிரண்டை வைத்துக் கொள்ளிடக்கரையில் இரண்டு மூன்று எடுத்தார். சுமார் என்று அவரே சொல்கிறார். வெயில் நேரம் எழுதிய காகிதம் அலமாரியில் இருக்கிறது. இருசம்மாள் எப்போது பார்த்தாலும், "கயிறு எங்க சார்?" என்று கேட்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மலர்க்கொடி பழைய பிரிண்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். பிரிண்டைப் பார்ப்பாள், கண்ணாடியைப் பார்ப்பாள்.

"இப்படிப் பாத்தா ஒண்ணும் புரியல. இன்னொண்ணு எடுங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்."

"ம். அதே ஆறடிதான்" என்றார் ஜெயக்குமார். "அதே லென்ஸு. அப்பத்தான் எது மாறியிருக்கு, எது மாறலைன்னு தெரியும்."

"புடவையும் அதே புடவை" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மாடியில் சிவப்புக் கோடு வெயிலில் கொஞ்சம் வெளுத்திருந்தது. அளவு மாறவில்லை. எழுத்தை ஒட்டினார். துருத்தியைக் கடைசி வரை இழுத்தார். பாவாடைக்குள் போய்ப் பார்த்தார். முன்பு பார்த்ததைவிட இந்தத் தடவை அதிக நேரம் உள்ளேயே இருந்தார். அவள் இந்தத் தடவை தூங்கிட்டீங்களா என்று கேட்கவில்லை.

வெளியே வந்து ஃபிலிமைச் சொருகி, லென்ஸ் பக்கத்தில் நின்று, மூடியில் கையை வைத்தார். மலர்க்கொடி முதுகை நிமிர்த்தினாள். கன்னத்து முடியை ஒதுக்கினாள்.

"ஏங்க."

"என்ன?"

"சுவத்துக்குப் பின்னாடி போயிடாதீங்க."

"போவலை" என்று சொல்லி, மூடியைக் கழற்றினார்.